அந்த அழைப்பை எடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. மார்சிலிங்கில் இருக்கிறோம். தோ பாயோவில் ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் வேலை. பல ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சென்ற ஆண்டு இறுதியில் ஒருநாள் காலை வேலைக்குப் போகும்போது, ரயில் காத்திப் தாண்டி இயோ சூ காங் வருவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, இதோ உயிர் போகப்போகிறது என்றே நினைத்துவிட்டேன். அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு மறுபடியும் அதே போல வந்தது. இப்போது ரயில் ஏறுவதையே விட்டுவிட்டேன். பேருந்து மாறி மாறிப் போகிறேன். தேக்கா பக்கம் போயே பல மாதங்கள் ஆகின்றன.

பலதுறை மருந்தகத்து டாக்டர் ஏழு கேள்விகள் உள்ள தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார். மனப்பதற்றம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார், உளவியலாளரைப் பார்க்க நாளும் குறித்துக் கொடுத்தார். தாதி ஒருவர் அவ்வப்போது போன் செய்து விசாரிப்பார் என்றார். மாத்திரையை நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. தாதி அழைத்தார், எடுக்கவில்லை. “நேராக நிபுணரிடமே போய்விடுவோம், மருந்தகத்து டாக்டருக்கு இதெல்லாம் என்ன தெரியும்” என்கிறார் என் கணவர். மாமியார் கண்ணேறு என்று சொல்லிச் சுற்றிப் போட்டார். எனக்கோ உட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ, வேலையிடத்தில் தெரிந்துவிடுமோ, மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனோ என்று பயம். நான் என்ன செய்ய வேண்டும்?

– வாசகி, மார்சிலிங்

பதில்: சகோதரி, தாதி அடுத்த முறை அழைக்கும்போது எடுங்கள். அதுவரை காத்திருக்காமல் நீங்களே மருந்தகத்தை அழைத்துப் பேசினால் இன்னும் நல்லது. கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த அழைப்புதான் உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் சிகிச்சையின் உயிர்நாடி. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் ரயிலில் உங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அது மாரடைப்பு அல்ல. ஆனால் நீங்கள் பட்ட அவதி பொய்யும் அல்ல, கற்பனையும் அல்ல. ஆபத்து என்றால் ஓடவோ எதிர்க்கவோ உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், மூச்சு வாங்கும். மூச்சு அளவுக்கு மீறி வேகமாகும்போது ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடுகிறது. விரல் நுனி மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். ஆபத்தே இல்லாத இடத்தில் இதெல்லாம் தானாகக் கிளம்பிவிட்டால் அதைப் பீதித் தாக்குதல் என்கிறோம். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தணியும். இதயத்தை முதலில் பார்த்தது சரியான காரியம். தைராய்டும் ரத்தசோகையும் பரிசோதிக்கப்பட்டனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவற்றாலும் படபடப்பு வரும். ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி குடிக்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

காத்திப்புக்கும் இயோ சூ காங்குக்கும் இடையில் ரயில் நீண்ட தூரம் நிற்காமல் ஓடும். நினைத்த இடத்தில் இறங்க முடியாது என்ற எண்ணம் பலருக்கு அந்த மாதிரி இடங்களில்தான் பதற்றத்தைக் கிளப்பும். நீங்கள் ரயிலை விட்டீர்கள், நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதியேதான் பயத்துக்குத் தீனி. முதலில் ரயில் போனது, பிறகு தேக்கா போனது. இப்படியே விட்டால் இன்னும் என்னென்ன போகுமோ என்பதுதான் உங்கள் டாக்டரின் கவலையாக இருக்கும். என் கவலையும் அதுதான்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. உங்கள் ரத்த அழுத்தத்தை இத்தனை ஆண்டுகளாக இதய நிபுணரா பார்த்துவந்தார்? மருந்தகத்து டாக்டர்தான் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் அளக்கிறார்கள், எண் இறங்கவில்லை என்றால் மருந்தை மாற்றுகிறார்கள். உப்பைப் பற்றித் தாதி சொல்லிக் கொடுக்கிறார். கட்டுக்கு வரவே இல்லை என்றால்தான் நிபுணர். பதற்றத்தையும் இதே ஒழுங்கில் கவனிப்பதற்குக் கூட்டுப் பராமரிப்பு என்று பெயர். மருத்துவர் நோயை அறிந்து மருந்தைத் தீர்மானிக்கிறார். பேச்சுவழிச் சிகிச்சை உளவியலாளருடையது. தாதியோ பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரோ உங்களை விடாமல் பின்தொடர்கிறார். மனநல மருத்துவர் பின்னணியில் இருந்து, தேறாதவர்களைப் பற்றி இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்கிறார். அவரை நீங்கள் நேரில் பார்க்காமலே அவருடைய அறிவு உங்களுக்குப் பயன்படும்.

சியாட்டலில் வேய்ன் கேட்டன் என்ற மனநல மருத்துவரின் குழு 1995இல் மனச்சோர்வு நோயாளிகளிடம் இந்த முறையைச் சோதித்து வெளியிட்டது. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினால் பலர் சில வாரங்களிலேயே நிறுத்திவிடுகிறார்கள், மருந்தகத்தில் அது யாருக்கும் தெரியவருவதே இல்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் முழு ஏற்பாடும். பதற்றத்துக்கென்றே நடந்த பெரிய சோதனையின் முடிவு 2010இல் வந்தது. அமெரிக்காவின் நான்கு நகரங்களில், 17 மருந்தகங்களில், 1,004 பேர் பங்கெடுத்தார்கள். பீதி நோய், ஓயாத கவலை, பிறர் முன்னிலையில் வரும் அச்சம், அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ அவர்களுக்கு இருந்தன. மருந்தா, பேச்சுவழிச் சிகிச்சையா, இரண்டுமா என்று கூட்டுப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவர்களே தேர்ந்துகொண்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கூட்டுப் பராமரிப்பு பெற்றவர்களில் நூற்றுக்கு 51 பேர் நோய் அறிகுறிகளிலிருந்து ஏறக்குறைய முழுமையாக விடுபட்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அப்படி விடுபட்டவர்கள் 33 பேர். கூட்டுப் பராமரிப்பு பெற்றவர்களைக் கவனித்தவர்கள் தாதியர், சமூக ஊழியர், உளவியல் படித்தவர்கள். பலருக்கு இந்தச் சிகிச்சையில் முன் அனுபவமும் அதிகம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 2012இல் 79 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. அவற்றில் 24,000க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்திருந்தார்கள். அந்த முடிவும் கூட்டுப் பராமரிப்புக்குச் சாதகமாகவே இருந்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குச் சரி, நமக்கு ஒத்துவருமா என்று உங்கள் கணவர் கேட்கலாம். கோவாவில் நடந்ததைச் சொல்லுங்கள். விக்ரம் படேலும் அவருடைய குழுவும் அங்கே 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 12 தனியார் மருந்தகங்களிலும் மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களிடம் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். பின்தொடர்ந்தவர்கள் மருத்துவப் பின்னணியே இல்லாத உள்ளூர்க்காரர்கள், இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் 65.9 விழுக்காட்டினர் குணமானார்கள். அந்த உதவி இல்லாத நிலையங்களில் 42.5 விழுக்காடு. தனியார் மருந்தகங்களில் மட்டும் வேறுபாடு இல்லை, அப்படிப் பின்தொடர்பவர் இல்லாத இடத்திலும் அதே அளவு பேர் குணமானார்கள். எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நோயாளியைப் பல ஆண்டுகளாக அறிந்து, பெயர் சொல்லி அழைத்து, நேரம் கொடுத்துப் பேசும் குடும்ப மருத்துவர் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். நிபுணரா, சாதாரண டாக்டரா என்று பார்ப்பதைவிட, நான் வராமல் போனால் என்னைத் தேடுவதற்கு இங்கே யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது பயனுள்ளது. உங்களுக்கு ஒருவர் இருக்கிறார். போன் செய்துகொண்டிருக்கிறார்.

சிங்கப்பூரில் இது திடீரென்று முளைத்ததும் அல்ல. நிலைபெற்ற நோயாளிகளை அக்கம்பக்கத்து மருத்துவர்களிடம் ஒப்படைத்துக் கூடவே துணைநிற்கும் திட்டத்தை மனநலக் கழகம் 2005இல் தொடங்கியது. 2014இல் மனப்பதற்றம் நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேசிய மனநல, நல்வாழ்வு உத்தி, 2030க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் மனநலச் சேவை, கூடுதலாக 900 தனியார் மருந்தகங்களிலும் அதே சேவை என்று இலக்கு வைத்திருக்கிறது. இது ஏன் அவசியம் என்பதற்கு 2016ஆம் ஆண்டு சிங்கப்பூர் மனநல ஆய்வே போதும். மனநோய் கண்டவர்களில் முக்கால்வாசிக்கும் அதிகமானோர் எந்த நிபுணத்துவ உதவியையும் நாடவே இல்லை. உங்கள் கையில் இருக்கும் சந்திப்புச் சீட்டு அவர்களில் யாருக்கும் கிடைக்கவில்லை, சகோதரி. அதை வீணாக்காதீர்கள்.

நீங்கள் நிரப்பிய தாளைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை, ஆக மொத்தம் 21. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று அது கேட்கும். ஐந்திலிருந்து லேசானது, பத்திலிருந்து மிதமானது, 15இலிருந்து கடுமையானது. 2006 முதல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் எண் என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள். ரத்த அழுத்தத்தின் எண்ணை வைத்திருப்பதுபோல இதையும் வைத்திருங்கள். அது பல வாரங்களாக இறங்கவே இல்லை என்றால், சிகிச்சையை மாற்றுங்கள் என்று நீங்களே கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோய்க்கு வழக்கமாக முதலில் கொடுப்பது செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை. எதை எழுதியிருக்கிறார் என்று நீங்கள் குறிப்பிடவில்லை, பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகை மாத்திரை போதையும் தராது, நாளாக ஆக அதிகம் வேண்டும் என்ற ஏக்கத்தையும் உண்டாக்காது. ஆனால் இரண்டு விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம், படபடப்பே சற்றுக் கூடலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரும்பாலோர் தூக்கிப் போடுவது அந்த வாரத்தில்தான். தாதி அந்த வாரத்தில் அழைப்பதற்கும் காரணம் அதுதான். “இது எதிர்பார்த்ததுதான், நாலு நாள் பொறுங்கள்” என்றோ, “அளவைப் பாதியாக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்றோ ஒருவர் சொல்லிவிட்டால், பாதியில் நிற்க இருந்த சிகிச்சை தொடரும். குணமான பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். நிறுத்தும்போது டாக்டர் சொல்படி மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

நீங்கள் பயப்படும் அடிமைத்தனம் வேறு வகை மாத்திரையில் இருக்கிறது. டயாசெபாம், லோராசெபாம், அல்பிரசோலம் ஆகியவை உடனே அமைதி தரும், அதனாலேயே விட முடியாமல் போகும். இவற்றைக் கொடுப்பதற்குச் சுகாதார அமைச்சு 2008இலேயே கட்டுப்பாடுகள் விதித்தது. மொத்தமாக எட்டு வாரங்களுக்கு மேல் போனால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். ஊரிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொண்டுவந்து கொடுக்கும் தூக்க மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள்.

மாத்திரையே வேண்டாம் என்றால் உளவியலாளருடன் மட்டும் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல வழிதான். அங்கே உங்கள் மனத்தைக் கிளறிப் பழங்கதை பேசுவார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பயிற்சிதான். உதாரணத்துக்கு, கூட்டமில்லாத நேரத்தில் மார்சிலிங்கில் ஏறி உட்லண்ட்ஸில் இறங்கச் சொல்வார்கள், ஒரே நிறுத்தம். பயம் வரும். மூச்சை மெதுவாக விட்டு, அது தானாகத் தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அலுத்துப்போகும்வரை அதையே செய்த பிறகு, ஈசூன், காத்திப். அப்புறம்தான் இயோ சூ காங் வரையிலான அந்த நீண்ட ஓட்டம். பீஷானைத் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழையும் இடம் இன்னொரு படி. அதற்குள் தோ பாயோ வந்துவிடும், வேலைக்குப் போய்விடலாம். அதற்கும் அப்பால் நியூட்டனில் மாறி ஒரு நிறுத்தம் போனால் லிட்டில் இந்தியா, உங்கள் தேக்கா. பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால், இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று மூளை பதிந்துகொள்ளும். தணியும்வரை இருந்தால், இருந்தாலும் ஒன்றும் ஆகவில்லை என்று பதியும். இந்தச் சிகிச்சை முழுக்க அந்த இரண்டாவது பதிவை வலுப்படுத்துவதற்குத்தான். வரிசையை நீங்களாக வகுத்துக்கொண்டு ஒரே நாளில் தோ பாயோவுக்குப் போய்விடப் பார்க்காதீர்கள். உளவியலாளரோடு உட்கார்ந்து வகுத்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்கள் கணவருக்கும் வேலை இருக்கிறது. முதல் சில பயணங்களுக்கு அவர் கூட வரலாம், பிறகு வேண்டுமென்றே வராமல் இருக்க வேண்டும். அவர் இருந்தால்தான் ஏறுவேன் என்று ஆகிவிட்டால் பயம் இடம் மாறியிருக்கிறதே தவிரப் போகவில்லை. அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துப் போங்கள். அவருடைய சந்தேகங்களை டாக்டரிடம் அவரே கேட்கட்டும். மாமியாரிடம் சண்டை வேண்டாம். சுற்றிப் போட்டதில் கெடுதல் ஒன்றும் இல்லை, அது அவர் காட்டும் அக்கறை. சிகிச்சை அதன் பாட்டுக்கு நடக்கட்டும்.

மொழி ஒரு பெரிய விஷயம். பதற்றத்தை நம் ஆட்கள் உடம்பின் வழியாகத்தான் சொல்கிறோம். “நெஞ்சு படபடங்குது”, “வயித்தைக் கலக்குது”, “உடம்பெல்லாம் உதறுது” என்போம். அதை ஆங்கிலத்தில் சொல்லப்போய்ப் பாதியை விழுங்கிவிடுகிறோம். தமிழ்தான் வசதி என்றால் சந்திப்பை உறுதிப்படுத்தும்போதே சொல்லிவிடுங்கள், தமிழ் பேசும் ஊழியரையோ மொழிபெயர்ப்பவரையோ ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். மகனையோ மகளையோ மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள், பிள்ளைகள் முன் நீங்கள் பலவற்றைச் சொல்லமாட்டீர்கள். குடும்பப் பிரச்சினை, பணப் பிரச்சினை பின்னால் இருந்து அழுத்துகிறது என்றால் பீட்டி ரோட்டில் இருக்கும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவையும் நாடலாம்.

உட்பிரிட்ஜ் பற்றி. 1928இல் இயோ சூ காங் சாலையில் திறக்கப்பட்ட மருத்துவமனைக்கு 1951இல் அந்தப் பெயர் வந்தது. 1993இல் புவாங்கோக் வட்டாரத்துக்கு மாறி மனநலக் கழகமாகிவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்திய தலைமுறையின் அச்சம் இன்னும் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களை அங்கே அனுப்பும் பேச்சே இப்போது இல்லை. நாளைக்குத் தேவைப்பட்டாலும், அங்கே புறநோயாளியாகப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் போதிய காலம் கொடுத்தும் பலன் தரவில்லை என்றாலோ, நோய் எது என்பதிலேயே ஐயம் இருந்தாலோ, மதுப்பழக்கமும் சேர்ந்துகொண்டாலோ உங்கள் டாக்டரே நிபுணரிடம் அனுப்புவார்.

வேலையிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்சியில், அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழில், வழக்கமாக நோயின் பெயர் இருக்காது. வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் மனநோய் உண்டா என்று கேட்பது முறையல்ல என்று முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் 2020இலேயே தெளிவுபடுத்தின. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் மனநலப் பாதிப்பும் இருக்கிறது. புதிதாகத் தனியார் காப்புறுதி எடுத்தால் படிவத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும், அது சில சமயம் சங்கடம்தான். மெடிஷீல்டு லைஃப் முன்பே உள்ள நோய்களையும் சேர்த்துக் காக்கிறது. செலவுக்கு மெடிசேவ் உண்டு. நாட்பட்ட நோய்த் திட்டத்தில் 2021 முதல் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை எடுக்கலாம், சிக்கலான நிலை என்றால் 700 வரை. ரத்த அழுத்தம், பதற்றம் இரண்டும் இருப்பதால் நீங்கள் எந்த வரம்பில் வருகிறீர்கள் என்று முகப்பில் கேளுங்கள்.

கடைசியாக, சில நிலைகளில் சந்திப்பு நாள்வரை காத்திருக்கக் கூடாது. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் எந்த நேரத்திலும் 1767இல் சமாரிட்டன்ஸ் அமைப்பை அழைக்கலாம். 2025 ஜூனில் தொடங்கிய 1771 தேசிய மனநல அழைப்பு எண்ணும் 24 மணி நேரமும் இயங்குகிறது. நெஞ்சில் இதுவரை இல்லாத விதமாக அழுத்தும் வலி வந்தாலோ, நடக்கும்போது அது கூடினாலோ, கைக்கும் தாடைக்கும் பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, பதற்றம்தான் என்று நீங்களாக முடிவு கட்டாமல் 995ஐ அழையுங்கள். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. அதற்கான மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.